பெட்ரோமாக்ஸ் மேண்டில் முதல் பல்பின் உலோக இழை வரை... யார் இந்த வெல்ஸ்பாக்?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் வளர்ந்த, 50 வயதைத் தாண்டிய யாரிடமாவது தெருக்கூத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. கட்டியக்காரனுக்கு முன்னாடியே பேச்சில் பெட்ரோமாக்ஸ் லைட் வந்துவிடும். பம்ப் அடிக்கிற சத்தம், விடிய விடிய ஓயாத அந்த இரைச்சல், கண்ணாடியைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகள். கரண்ட் கம்பி தாமதமாகப் போய்ச் சேர்ந்த கல்வராயன் மலை ஊர்களில் கல்யாணமோ, திருவிழாவோ, எதுவாக இருந்தாலும் ராத்திரியைப் பகலாக்கியது அந்த லைட்தான்.

அதுக்குள்ளே தொங்கும் வெள்ளைப் பைக்குப் பெயர் மேண்டில். ஒருமுறை எரிந்துவிட்டால் விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். 1984ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் செய்த வேலையை யாரால் மறக்க முடியும்? தமிழ்நாட்டில் மேண்டில் எவ்வளவு மென்மையான பொருள் என்பதை எந்தப் பள்ளிப் புத்தகத்தையும் விட அந்தக் காட்சிதான் அதிகம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது.

அந்த மேண்டிலைக் கண்டுபிடித்தவரும், எலக்ட்ரிக் பல்புக்குள் முதன்முதலில் விற்பனைக்கு வந்த உலோக இழையைச் செய்தவரும் ஒரே ஆள். கேஸ் விளக்குக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டு, அதற்குப் போட்டியான மின்விளக்கையும் தானே மேம்படுத்தக் கிளம்பிய ஒரு விசித்திரமான விஞ்ஞானி. பெயர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக். ஊர் ஆஸ்திரியா. இவருடைய கதையில் நம்ம கன்னியாகுமரி மாவட்ட மணலுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அச்சக அதிகாரியின் மகன்

1858 செப்டம்பர் 1ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார் கார்ல். அப்பா அலோய்ஸ் அவுவர், ஆஸ்திரியப் பேரரசின் அரசு அச்சகத்துக்கு இயக்குநர். செடியின் இலையையே ஈயத் தகட்டில் அழுத்தி அதன் நரம்பு வரை அப்படியே அச்சில் கொண்டுவரும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். ஆக, எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் குணம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பேரரசு 1860ல் அப்பாவுக்குக் கொடுத்த பட்டம்தான் 'வெல்ஸ்பாக்'. கார்லுக்கு 10 வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார்.

1880ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் கார்ல். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ராபர்ட் புன்சன். ஆமாம், கெமிஸ்ட்ரி லேப்பில் நாம் எல்லோரும் பற்றவைத்த அந்த புன்சன் பர்னரின் புன்சன்தான். ஒரு பொருளைச் சுடரில் காட்டி, வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதற்குள் என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும் வித்தையை கார்ல் அவரிடம் கற்றார். அரிய மண் தனிமங்கள் மேல் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான்.

1882ல் டாக்டர் பட்டத்தோடு வியன்னா திரும்பினார். மூன்றே வருடத்தில் பெரிய வேலை ஒன்றைச் செய்தார். டிடிமியம் என்ற ஒன்றைத் தனித் தனிமம் என்று வேதியியல் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அதன் உப்பைக் கரைத்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்கி, நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்து, அது ஒன்றல்ல, இரண்டு என்று 1885ல் காட்டினார். ஒன்று பச்சை உப்பு, பிரசியோடிமியம். இன்னொன்று இளஞ்சிவப்பு, நியோடிமியம். இன்று எலக்ட்ரிக் வண்டி மோட்டாரிலும் இயர்போனிலும் இருக்கும் சக்திவாய்ந்த காந்தத்துக்குப் பெயரே நியோடிமியம் காந்தம்தான். அப்போது யாருக்கும் அது எதற்குப் பயன்படும் என்று தெரியாது.

பஞ்சு நூல் எரிந்து மிஞ்சியது

மேண்டில் பிறந்த கதை இதோடு ஒட்டியதுதான். அரிய மண் உப்புகளைச் சுடரில் காட்டிச் சோதிக்கும்போது வெளிச்சம் போதவில்லை. அதனால் பஞ்சு நூலை உப்புக் கரைசலில் நனைத்துச் சுடரில் காட்டினார். நூல் எரிந்துபோனது. ஆனால் நூலின் வடிவம் அப்படியே வெள்ளை எலும்புக்கூடாக நின்று, பளீரென்று ஒளிர்ந்தது.

புது மேண்டிலை முதல் தடவை எரிக்கும்போது நடப்பதும் இதேதான். துணி கருகிப் போய்விடும், உப்பு மட்டும் ஆக்சைடாக மாறி வலைபோல் நிற்கும். செந்தில் கையில் பொடியாக உதிர்ந்தது துணி இல்லை, இந்த வலைதான்.

1885லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1887ல் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையும் தொடங்கினார். சரியாகப் போகவில்லை. வெளிச்சம் பச்சையடித்தது, மேண்டில் சீக்கிரம் உடைந்தது. 1889ல் ஆலையை மூடவேண்டி வந்தது. கையைச் சுட்டுக்கொண்டவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அடுத்து தோரியம் ஆக்சைடைப் பிடித்தார். அதில் ஒரு வேடிக்கை. தோரியத்தைச் சுத்தம் செய்யச் செய்ய வெளிச்சம் கூடும் என்று எதிர்பார்த்தால், குறைந்துகொண்டே போனது. அப்படியென்றால் வெளிச்சம் தந்தது தோரியம் இல்லை, அதில் கலந்திருந்த ஏதோ ஒரு அழுக்கு! தேடிப் பார்த்தால் அது சீரியம். 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. இந்தக் கணக்கு கிடைத்ததும் எல்லாம் மாறியது. 1891 நவம்பர் 4ஆம் தேதி வியன்னாவில் ஒரு காபி கடை வாசலில் புது மேண்டில் விளக்கு எரிந்தது. கொஞ்ச வருடத்தில் ஐரோப்பாவின் தெருக்கள் எல்லாம் இந்த வெளிச்சம்தான்.

எடிசனின் பல்பு 1879லேயே வந்துவிட்டது, அப்புறம் எப்படி கேஸ் விளக்கு ஜெயித்தது என்று கேட்கலாம். காரணம் எளிது. அன்றைய பல்பு மங்கல், மின்சாரம் விலை அதிகம். மேண்டில் போட்ட கேஸ் விளக்கு அதைவிட மலிவு, அதைவிடப் பிரகாசம். மூடுவிழாவுக்குக் காத்திருந்த கேஸ் கம்பெனிகளை வெல்ஸ்பாக் தூக்கி நிறுத்தினார் என்றே சொல்லலாம்.

தேங்காய் நாரில் ஒட்டி வந்த மணல்

தோரியம் வேண்டுமென்றால் மோனசைட் என்ற கனிமம் வேண்டும். முதலில் அது பிரேசில் கடற்கரையிலிருந்தும் அமெரிக்காவின் கரோலினாவிலிருந்தும் போனது. 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதைக் கவனித்தார். நார் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தவர், அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். பிரேசில் மணலைவிட இங்கே தோரியம் அதிகம். முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியர் என்பதால் அவர் கைதானார், ஆலை கைமாறியது.

இப்படித்தான் ஐரோப்பியத் தெருவிளக்கோடு குமரிக் கடற்கரைக்குத் தொடர்பு உண்டானது. 1956ல் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மணவாளக்குறிச்சியில் இப்போது மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் மணலைப் பிரிக்கிறது. மோனசைட் கதிரியக்கம் உள்ளது என்பதால், புதிதாக மணல் எடுக்கும் திட்டங்களுக்குக் கடலோர மக்களின் எதிர்ப்பும் நடந்துகொண்டிருக்கிறது.

கரி இழைக்கு என்ன குறை?

இனி பல்பு பக்கம் வருவோம்.

பல்பின் தத்துவம் ஒரே வரிதான். மெல்லிய இழையில் மின்சாரம் போனால் சூடாகும், போதுமான அளவு சூடானால் ஒளிரும். சூடு எவ்வளவு கூடுகிறதோ, அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் அந்தளவுக்குக் கூடும். அதனால் அதிகச் சூட்டைத் தாங்கும் இழை வேண்டும்.

எடிசன் காலத்து இழை கரி. நூலையும் அட்டையையும் மூங்கிலையும் காற்றுப் படாமல் கருக்கிச் செய்தது. கரி லேசில் உருகாது, உண்மைதான். ஆனால் உருகுவதற்கு ரொம்ப முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த ஆவி கண்ணாடியின் உள்பக்கம் கரும்படலமாக ஒட்டும். அதனால் கரி இழையை ஒரு அளவுக்கு மேல் சூடாக்க முடியாது. மஞ்சள் நிறத்தில் மினுக்மினுக் என்று எரிந்துகொண்டு மின்சாரத்தை மட்டும் நன்றாகத் தின்னும்.

உலோகம் இதைவிட நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். சிக்கல் எங்கே என்றால், சாதாரண உலோகம் எல்லாம் அந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும். பிளாட்டினம்கூட 1,768 டிகிரி செல்சியஸில் கை விரித்துவிடும். எடிசனும் பிளாட்டினத்தோடு மல்லுக்கட்டி விட்டுத்தான் கரிக்குப் போனார். வெல்ஸ்பாக்கும் முதலில் பிளாட்டினக் கம்பிக்குத் தன்னுடைய தோரியம் ஆக்சைடைச் சட்டை போல மாட்டிப் பார்த்தார். அதில் திருப்தி வரவில்லை. இன்னும் சூடு தாங்கும் உலோகத்தைத் தேடிக்கொண்டு போனவர் கடைசியில் ஆஸ்மியத்தில் வந்து நின்றார்.

ஆஸ்மியத்தை இழையாக்கியது எப்படி?

ஆஸ்மியம் உருகுவதற்கு 3,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இயற்கையில் கிடைக்கும் தனிமங்களிலேயே அடர்த்தி மிக அதிகம், ஒரு கன சென்டிமீட்டரே 22 கிராமுக்கு மேல் எடை. ஆனால் இரும்பு, செம்பு மாதிரி கம்பியாக இழுக்க முடியாது. இழுத்தால் உடையும். பொடியாகக் காற்றில் விட்டால் நச்சுப் புகையாக மாறும், கண்ணுக்குக் கெடுதல். கிரேக்க மொழியில் வாடை என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் இதற்குப் பெயரே வந்தது. இப்படிப்பட்ட உலோகத்தை எப்படித் தலைமுடி போன்ற இழையாக்குவது?

அவர் கண்டுபிடித்த வழி நம்ம வீட்டு இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். ஆஸ்மியத்தை மிக நைசான பொடியாக்கி, ஒட்டும் தன்மையுள்ள கரிமப் பொருளோடு சேர்த்து மாவு போலப் பிசைந்தார். அந்த மாவை ரொம்பச் சிறிய துளை வழியாக அழுத்திப் பிழிந்தால் நூலாக வரும். அதைக் கொண்டை ஊசி போல வளைத்து உலர்த்தி, காற்றுப் படாமல் சூடாக்கினார். பசை கருகிக் கரியாகும். இப்போது கையில் இருப்பது பாதி உலோகம், பாதி கரி. அடுத்ததுதான் சாமர்த்தியமான கட்டம். நீராவியும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவுக்குள் வைத்து அந்த இழையிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சினார். கரி வாயுவாக மாறி வெளியேறிவிடும், உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிச் சுத்தமான ஆஸ்மியம் இழை நிற்கும்.

மேண்டில் நினைவுக்கு வருகிறதா? அங்கே துணியை எரித்துவிட்டு உப்பை நிறுத்தினார். இங்கே பசையை எரித்துவிட்டு உலோகத்தை நிறுத்தினார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மூளை.

1898ல் காப்புரிமை, 1902ல் கடைக்கு வந்தது ஆஸ்மியம் பல்பு. கரி இழை பல்பு தின்ற மின்சாரத்தில் பாதியைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு அதே வெளிச்சத்தைக் கொடுத்தது. வெளிச்சமும் வெள்ளையாக இருந்தது. வணிக அளவில் தேறிய முதல் உலோக இழை பல்பு இதுதான்.

ஆனால் குறைகளும் கூடவே வந்தன. சூடானால் இழை தளர்ந்து தொய்யும், அதனால் பல்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் எரிக்கவேண்டும். ஆறினால் கண்ணாடி போல உடையும். உலோகம் என்பதால் மின்தடை குறைவு. 110 வோல்ட் லைனில் ஒரு பல்பைத் தனியாகப் போட முடியாது, சீரியல் செட் போல ஒன்றோடொன்று தொடராக இணைக்கவேண்டும். ஒன்று போனால் மற்றதும் அணையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உலகத்தில் ஆஸ்மியமே அபூர்வம். பிளாட்டினத் தாதுவோடு துளித்துளியாகக் கிடைப்பது. ஃபியூஸ் போன பல்பைத் தூக்கிப் போட விடாமல் கம்பெனியே திரும்ப வாங்கி, உள்ளே இருந்த ஆஸ்மியத்தை மீட்டு மறுபடி இழையாக்கியது. இப்படி ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் விளக்கேற்ற முடியாது.

அவர் திறந்த கதவில் மற்றவர்கள் நுழைந்தார்கள்

அவரும் அது புரியாதவர் இல்லை. உலோக இழை சாத்தியம் என்று காட்டியதும் ஐரோப்பா முழுக்கப் போட்டி தொடங்கியது. ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் வெர்னர் வான் போல்டன் டான்டலம் இழையைக் கொண்டுவந்தார். அலெக்சாண்டர் யூஸ்ட், ஃபிரான்ஸ் ஹனமன் என்ற இருவர் 1904ல் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை உருகாது, உலோகங்களிலேயே அதுதான் உச்சம். ஆஸ்மியத்தைவிட மலிவாகவும் கிடைக்கும். பொடியாக்கிப் பிசைந்து பிழிந்து கரியை விரட்டும் முறைதான் ஆரம்பத்தில் டங்ஸ்டனுக்கும் கைகொடுத்தது.

வெல்ஸ்பாக்கின் பெர்லின் கம்பெனியும் டங்ஸ்டனுக்கு மாறியது. 1906ல் அது ஒரு வணிகப் பெயரைப் பதிவு செய்தது. ஆஸ்மியத்தின் முதல் பாதி, டங்ஸ்டனின் ஜெர்மன் பெயரான வோல்ஃப்ராமின் பின் பாதி. சேர்த்தால் ஓஸ்ராம். இன்றும் வாகன ஹெட்லைட் வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்துப் போடுகிற அதே பெயர். பல்பில் ஆஸ்மியம் போய் நூறு வருடம் தாண்டிவிட்டது, பெயரில் மட்டும் இருக்கிறது.

பிழிந்து செய்த டங்ஸ்டன் இழையும் உடையக்கூடியதுதான். அதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த வில்லியம் கூலிட்ஜ். டங்ஸ்டன் பொடியை அழுத்திக் கட்டியாக்கி, பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து அடித்து மெலிதாக்கி, வைரத் துளைகள் வழியாக இழுத்து, வளைத்தாலும் உடையாத கம்பியை 1910 வாக்கில் செய்துவிட்டார். நம்ம வீட்டுக் குண்டு பல்பில் எரிந்தது இந்தக் கம்பிதான். பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே 1932ல். அதனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் கரி இழையையோ ஆஸ்மியத்தையோ பார்க்காமல் நேராக டங்ஸ்டனுக்கு வந்தன.

மிஞ்சிய கழிவிலிருந்து லைட்டர் கல்

வெல்ஸ்பாக் அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிட்டார். மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்தபின் மற்ற அரிய மண் பொருள்கள் கழிவாகக் குவிந்தன. அந்தக் குப்பையை இரும்போடு உருக்கிச் சேர்த்தால் உரசும்போது தீப்பொறி பறக்கும் கல் கிடைக்கும் என்று கண்டு, 1903ல் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற சின்னக் கல் அதுதான். ஆஸ்திரியாவில் டிரைபாக் என்ற ஊரில் இதற்காக அவர் நிறுவிய ஆலையின் வழிவந்த கம்பெனி இன்றும் நடக்கிறது.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். யட்டர்பியம் என்ற தனிமத்துக்குள் இரண்டு ஒளிந்திருப்பதை அவர் கண்டுபிடித்த அதே நேரத்தில், பிரான்ஸில் ஜார்ஜ் உர்பெய்னும் கண்டுபிடித்தார். யார் முதல் என்று பெரிய சண்டை. 1909ல் சர்வதேச அணு எடைக் குழு உர்பெய்ன் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்தக் குழுவில் உர்பெய்னே ஓர் உறுப்பினர்! அவர் வைத்த லுட்டீசியம் என்ற பெயர்தான் இன்று தனிம அட்டவணையில் இருக்கிறது. வெல்ஸ்பாக் வைத்த காசியோபியம் என்ற பெயரை ஜெர்மன்காரர்கள் மட்டும் பல வருடம் விடாமல் பயன்படுத்தினார்கள்.

மலைக்கு எது போய்ச் சேர்ந்தது?

இவர் செய்த இரண்டு விளக்கில் பழைய மேண்டில்தான் நீண்ட காலம் உழைத்தது. காரணம் பல்பின் தரம் இல்லை. பல்புக்கு மின் நிலையம், கம்பம், கம்பி என்று ஓர் அரசாங்கமே பின்னால் நிற்கவேண்டும். மேண்டிலுக்கு ஒரு டின் மண்ணெண்ணெய் போதும். 1910ல் பெர்லினில் மேக்ஸ் கிரேட்ஸ் என்பவர் மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேண்டிலை எரிக்கும் விளக்கைச் செய்து, பெட்ரோலியத்தோடு தன் பெயரையும் சேர்த்து பெட்ரோமாக்ஸ் என்றார். அப்புறம் மேண்டிலுக்கு கேஸ் குழாயும் தேவையில்லாமல் போனது. தலையில் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம்.

கல்வராயன் மலை மாதிரி ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அந்த மலையின் வரலாறு தெரிந்தால் புரியும். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் ஆன பிறகும் அந்த மக்கள் ஜாகீர்தார்கள் பிடியில்தான் இருந்தார்கள். 1976 ஜூன் 25ஆம் தேதிதான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தார்கள். 2024ல்கூட சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்கவேண்டிய நிலை. அரசாங்கம் வரத் தாமதமான இடத்தில் வெல்ஸ்பாக்கின் புதிய கண்டுபிடிப்பால் நுழைய முடியவில்லை, பழையதுதான் நுழைந்தது.

இப்போது மேண்டிலில் தோரியம் பெரும்பாலும் இல்லை. லேசான கதிரியக்கம் உண்டு என்பதால் யட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள். கூத்து மேடைக்கு ஃபோகஸ் லைட்டும் எல்இடியும் வந்தாச்சு.

வெல்ஸ்பாக் 1899ல் மரீ நிம்ஃபிங்கரைத் திருமணம் செய்தார், நான்கு பிள்ளைகள். கரிந்தியா மலைப் பகுதியில் மாளிகை கட்டி, அதற்குள்ளேயே ஆய்வுக்கூடமும் வைத்துக்கொண்டார். ஓய்வு நேரத்தில் ரோஜா வளர்ப்பார், கலர் போட்டோ எடுத்துப் பார்ப்பார். 1929 ஆகஸ்ட் 4ஆம் தேதி, 71ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போது, அந்த மாளிகையிலேயே இறந்தார். 1956ல் ஆஸ்திரிய அரசு வெளியிட்ட 20 ஷில்லிங் நோட்டில் அவர் படம் அச்சானது. அப்பா இயக்குநராக இருந்ததும் ஓர் அச்சகம்தானே.